அவிநாசிபாளையத்தில் அறுந்த செயின்

திருப்பூரில் அப்போது நாடகம் எழுதுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாடகம் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் மனசு கெட்டுப்போகும் என்பதால், அந்த நாலு பேரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் எழுதியதை மற்ற மூவர் கேட்டு, டீயும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அதற்குப் பெயர் நொய்யல் நாடகப் பேரவை. நொய்யலில் அந்தக் காலத்தில் தண்ணீர் ஓடவில்லை, சாயம் ஓடியது. பேரவைத் தலைவர் வீரணன் அதை வைத்து ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தார். அதில் ஆறே மேடைக்கு வந்து முக்கால் மணி நேரம் பேசும். ஆறாக நடிக்க ஆள் கிடைக்காததால் அது அரங்கேறவில்லை. பேசியதைக் கேட்க ஆள் கிடைக்குமா என்பது அடுத்த பிரச்சினை, அதுவரைக்கும் போகவேண்டி வரவில்லை.

அந்த நாலு பேரில் கடைசி ஆள் ஆரோக்கியராஜ். சாத்தான்குளம் பக்கத்துக்காரன். கல்யாணமான கையோடு ரோஸ்மேரியைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தவன். அவளுக்கு வேலாத்தாள் எக்ஸ்போர்ட்ஸில் டெய்லர் வேலை கிடைத்தது. அதே கம்பெனியின் நிட்டிங்கில் அவனுக்கு நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க மிஷின் வட்டமாகச் சுற்றும், கீழே துணி குழாய்போல இறங்கும், நூல் அறுந்தால் முடிச்சுப் போடவேண்டும், அறுகாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இவன் செருப்பை மாட்டுவான். இருவரும் வாசலில் பார்த்துக்கொள்வதைத்தான் ஊருக்கு எழுதும்போது குடும்பம் நன்றாக நடக்கிறது என்று எழுதினார்கள்.

தவக்காலத்தில் ஒருநாள் அவன் பாதி ஷிப்டில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இனிமேல் போகப்போவதில்லை என்றான். நான் எழுதப் பிறந்தவன் என்றான். ரோஸ்மேரி டீ கிளாஸைத் தரையில் வைத்த சத்தம் மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

மழைக்காலம் நெருங்கும்போது அவள் வாயைத் திறந்தாள்.

"இங்க பாருங்க. ஆயுத பூசை வரைக்கும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அன்னைக்கி கம்பெனி மேடையில நாடகம் போடப்போறாவளாம். அதை எழுதினது ஆரோக்கியராஜ்னு மைக்ல ஒருவாட்டி வாசிச்சிட்டாவன்னா, நைட் ஷிப்டுங்கிற வார்த்தைய என் வாயில இருந்து நீங்க கேக்க மாட்டிய. வாசிக்கலைன்னா திரும்ப மிஷினுக்குப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம்ட்டி" என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்கும் சம்மதித்ததில்லை. காரணம், ஒரு ரகசியம் அவன் கையில் இருந்தது.

முதலாளி கிட்டுசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பேரவையின் டீ, போண்டா உபயம் அவர்தான் என்பதால் அவருக்கு அவன் முகம் தெரியும். தன் கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்தவன் என்பது தெரியாது. நைட் ஷிப்ட்காரனை முதலாளிகள் பார்ப்பதில்லை. அவர்கள் காலையில் வரும்போது துணி இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

"எங்கய்யன் கதைய நாடகமாப் போடோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க தம்பி" என்றார் கிட்டுசாமி. "தாராபுரத்துப் பக்கம் பஞ்சம். எங்கய்யன் சைக்கிள்ல நூல் மூட்டையக் கட்டிக்கிட்டு ஒத்தையாளாக் கெளம்பி வர்றாரு. அவிநாசிபாளையத்துல செயின் அறுந்து போச்சுங்க. உச்சி வெயிலு. எங்கய்யன் செயினப் பாத்தாரு. செயின் எங்கய்யனப் பாத்துச்சு. ஒரு வார்த்த பேசாம மூட்டையோட சைக்கிளத் தள்ளிக்கிட்டே நடந்தாரு பாருங்க..." அதற்குமேல் அவரால் முடியவில்லை. மேஜைமேல் கிடந்த ஏற்றுமதி பனியன் ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "ஒரு சாம்பிள் எழுதிக் குடுங்க. வெளியில யாருகிட்டயும் மூச்சு உட்றாதீங்க."

ஆரோக்கியராஜ் அப்படியே காற்றில் நடந்து வீட்டுக்கு வந்தான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சங்கடம். கிட்டுசாமியின் அய்யன், அவரைப் பெற்ற பெரியவர், செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு விட்டார்கள், நைட் ஷிப்டுக்கு விடவில்லை. ஆரோக்கியராஜுக்கு அவரை நன்றாகத் தெரியும். விடிகாலையில் கையில் வாளியோடு நிட்டிங்குக்குள் சுற்றுவார். எவனாவது துணி ரோல்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தால், பேசாமல் தலையில் ஊற்றிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போவார். திட்டக்கூட மாட்டார். வாய் வலிக்கும் என்பதால் இருக்கலாம். ஆரோக்கியராஜ் எத்தனையோ விடியலில் நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

அதை எழுதினால் சாம்பிள் தேறாது. எனவே அவன் ஒரு சின்ன மாற்றம் செய்தான். நாடகத்தில், ராத்திரி வேலைக்காரன் ஒருவன் அசந்து தூங்குகிறான். பெரியவர் வருகிறார். அவனை எழுப்பாமல், மிஷினிலிருந்து இறங்கிய புதுத் துணியை எடுத்து அவன்மேல் போர்த்திவிட்டு, அவன் இடத்தில் தானே உட்கார்ந்து விடியும்வரை மிஷினைப் பார்த்துக்கொள்கிறார். எழுதும்போது அவனுக்குக் கொஞ்சம் கூசியது. முடிக்கும்போது அவனுக்கே கண் கலங்கிவிட்டது. கூசியதைவிடக் கலங்கியதுதான் கேவலம். அது அப்போது உறைக்கவில்லை.

பூசைக்கு முன்னால் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரவைக் கூட்டத்தைத் தன் கம்பெனியின் பேக்கிங் ஹாலிலேயே வைத்துக்கொள்ளும்படி கிட்டுசாமி சொல்லியனுப்பினார். 'படைப்பாளிகளுடன் ஒரு பொழுது' என்று பேனர் கட்டியிருந்தது. நாலு படைப்பாளிகளும் தங்கள் புதுப் படைப்பைப் பற்றியும் படைப்பு வாழ்க்கையைப் பற்றியும் பேசவேண்டும். கேட்பதற்கு, அன்றைக்கு அரை நாள் வேலைக்கு வந்திருந்த டெய்லர்களையும், தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங் பெண்களையும் அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டிகள்மேல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பேச்சு முடிந்த பிறகுதான் போண்டா என்று மேனேஜர் அறிவித்ததால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மூன்றாவது வரிசையில் ரோஸ்மேரி இருந்தாள். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிட்டுசாமி. அவருக்குப் பின்னால் சுவரில் பெரியவர் படம், சீரியல் பல்பு போட்டது. கரண்ட் போயிருந்தது, ஜெனரேட்டர் லைன் அந்தப் பல்புக்கு இல்லை. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

முதலில் வீரணன் எழுந்தார். மதுரைக்காரர். தாடி, ஜிப்பா, ஜோல்னாப்பை. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். புரட்சி வந்தால் முதல் துண்டறிக்கை தன் கடையில்தான் அடிக்கப்படும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"தோழர்களே! என் பேனா இதுவரைக்கும் எந்த முதலாளி வாசல்லயும் குனிஞ்சதில்ல. குனியாது. ஒடையும்."

கிட்டுசாமி கை தட்டினார். அவர் தட்டியதால் மேனேஜர் தட்டினார். அவர் தட்டியதால் ஹாலே தட்டியது.

"நான் எழுதுறது மையில இல்ல, ரத்தத்துல. அது என் டாக்டருக்குத் தெரியும். என்னோட புது நாடகம், 'வேர்வையின் மகன்'. ஒரு உழைப்பாளி. பஞ்சம் அவனைக் கிராமத்துல இருந்து தொரத்துது. சைக்கிள்ல மூட்டையக் கட்டிட்டுக் கெளம்புறான். அவிநாசிபாளையத்துல..." வீரணன் கையை உயர்த்தி நிறுத்தினார். "அவிநாசிபாளையத்துல, உச்சி வெயில்ல, அவன் சைக்கிள் செயின் அறுந்து போகுது! அது வெறும் சைக்கிள் செயின் இல்ல தோழர்களே. அது நூற்றாண்டுகளோட அடிமைச் சங்கிலி!"

ஆரோக்கியராஜ், தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அவிநாசிபாளையம் ரோடு அந்தக் காலத்தில் மோசம், யார் யார் செயினோ அறுந்திருக்கும்.

அடுத்தது கைருதீன். காதர்பேட்டையில் பனியன் வேஸ்ட் வியாபாரி. சரித்திர நாடகம் தவிர வேறெதுவும் எழுத மாட்டார். அவர் நாடகத்தில் காவல்காரன் கொட்டாவி விட்டால்கூட எதுகையோடுதான் விடுவான்.

"நான் ராஜாக்களோட வாழறவனுங்க. கடையில கட்பீஸ் மூட்டைங்களுக்கு நடுவுல உக்காந்திருப்பேன், மனசு மட்டும் தர்பார்ல இருக்கும். ஊட்டுல கூப்பிட்டாக்கூட 'யாரங்கே'ன்னுதான் கேப்பேன். எங்கூட்டம்மா பதில் சொல்றதில்ல." கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அவர் உற்சாகமானார். "இப்ப எழுதியிருக்கறது 'பின்னல் வேந்தன்'. அமராவதிக் கரையில ஒரு இளவரசன். நாட்டுல பஞ்சம். குதிரை மேல பட்டு மூட்டைய ஏத்திக்கிட்டுப் பொறப்படறான். தாராபுரம் கோட்டையக் கடந்து, அவிநாசிபாளையத்துக்கு வர்றப்ப..."

ஹாலில் ஒரு முனகல் கிளம்பியது.

"...குதிரையோட செயின் அறுந்து போயிருச்சு!"

"குதிரைக்கு ஏதுங்க செயினு?" என்று செக்கிங் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சேணத்துச் செயினும்மா" என்றார் கைருதீன். அவருக்கு நெற்றியில் வியர்வை. வீரணனைத் திரும்பிப் பார்த்தார். வீரணன் ஜோல்னாப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பைக்குள் எதுவும் கிடையாது என்பது பேரவை முழுக்கத் தெரியும்.

"சரித்திரமுங்க, சரித்திரம்" என்று கிட்டுசாமி மட்டும் ரசித்துத் தலையாட்டினார்.

மூன்றாவதாக அபிராமி வந்தாள். ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்கிற டிசைனைக் கம்பெனிகளுக்கு அனுப்பி, சாம்பிள் வாங்கி, எது மலிவோ அங்கே ஆர்டர் கொடுக்கிற வேலை. வாரம் முழுக்க போனில் கத்துவாள். ஞாயிற்றுக்கிழமை வசனமே இல்லாத நாடகம் எழுதுவாள்.

"மொழிங்கறதே ஒரு வன்முறைதான்" என்று ஆரம்பித்து, மௌனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். தன்னுடைய படைப்பு வாழ்க்கையில் இதுவரை யாருக்கும் தலைவணங்கி ஒரு காட்சிகூட எழுதியதில்லை என்றாள். "என் புது நாடகத்துக்குப் பேரே கிடையாது. இருட்டு மேடை. ஒரு பொண்ணு. அவ கையில ஒரு சைக்கிள் செயின். அறுந்த செயின். அதை அவ ஒவ்வொரு கண்ணியாத் தடவிக்கிட்டே இருக்கா. இருபது நிமிஷம்."

"அவிநாசிபாளையத்துலயாக்கா?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

ஹால் வெடித்தது. அட்டைப்பெட்டி ஒன்று நசுங்கி இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். அபிராமி வாயைத் திறந்தபடி நின்றாள். வீரணனைப் பார்த்தாள், கைருதீனைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கிட்டுசாமியிடம் வந்தாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"சார்... சாம்பிள் எத்தனை பேர்கிட்டக் கேட்டீங்க?"

"நாலு எடத்துலீங்க" என்றார் கிட்டுசாமி, ஒளிவுமறைவில்லாமல். "நீங்க வழக்கமா எத்தன எடத்துல கேப்பீங்கம்மணி?"

அவளும் நாலு இடத்தில்தான் கேட்பாள். ஒவ்வொரு கம்பெனிக்காரனிடமும் உங்களுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன் என்றும் சொல்வாள். திருப்பூரில் டீக்கடை மாஸ்டருக்குக்கூடத் தெரிந்த விஷயம், சாம்பிள் ஒரே இடத்தில் கேட்கப்படுவதில்லை என்பது. பனியன் ஊரிலேயே பிழைத்துக்கொண்டிருந்த நாலு பேரும், பனியனுக்கு ஒரு வழக்கம் கலைக்கு வேறு வழக்கம் என்று எப்படியோ நம்பிவிட்டார்கள்.

"யோவ் கைருதீன், நீயுமாய்யா?" என்றார் வீரணன்.

"நீங்க எழுதுனா ரத்தம், நான் எழுதுனா வேஸ்டா?" என்றார் கைருதீன். "முதலாளி வாசல்ல குனியாத பேனாவாமே. படுத்தே கெடந்திருக்குது!"

"குதிரைக்குச் செயின் மாட்டுன ஆளு நீ, என்னையப் பேசாத!"

"கடைசித் தம்பியும் பேசீரட்டும்ங்க, போண்டா ஆறுது" என்று கிட்டுசாமி கையமர்த்தினார்.

ஆரோக்கியராஜ் தாளோடு எழுந்தான். முதல் பக்கம் முழுக்கச் செயின்தான். அதைத் தாண்டிப் போனால் பிழைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. மற்ற மூவரையும்போல அவனும் செயினை அறுக்காவிட்டால், அவன் நாடகம் மட்டும் வேறாகத் தெரியும். மைக்கில் வாசிக்கப்படும் பெயர் அவனுடையதாக இருக்கலாம். படைப்பு வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நேராகத் தூக்கக் காட்சியை வாசித்தான். வேலைக்காரன் அசந்து தூங்குகிறான். பெரியவர் வருகிறார். குனிகிறார். புதுத் துணியை எடுத்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல...

முதலில் யாரோ ஒருத்தர் மூக்கால் சிரித்தார். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. செயினுக்குச் சிரித்தது வேறு, வேடிக்கைச் சிரிப்பு. இது அப்படி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஆளின் தோளில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"போத்தி உட்டாராமா! பெரியவரு!"

"கனவுல போத்துனாரா அண்ணா?"

"துணிய எடுத்திருந்தா அளந்துல்ல வெச்சிருப்பாரு!"

ஆரோக்கியராஜ் ரோஸ்மேரியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. நனைந்த சட்டைகளைக் கொடியில் காயப்போட்டவள் அவள்தான். அவனைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், செக்கிங்கில் ஓட்டைத் துணியைப் பார்க்கிற மாதிரி.

அவன் தாளை மடித்தான்.

"போத்தல" என்றான். "தண்ணிதான் ஊத்துனாரு. என் தலையிலயே ஊத்தியிருக்காரு. நான் இங்கதான் நிட்டிங்ல நைட் பாத்தேன். வாளியோட வருவாரு. ஊத்துவாரு. போயிருவாரு."

சிரிப்பு நின்றது. மேனேஜர் தரையைப் பார்த்தார். தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு நல்ல வசனம் பேசிவிட்டோம் என்று ஆரோக்கியராஜுக்குத் தோன்றியது. அடுத்து என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று நிமிர்ந்து நின்றான்.

கிட்டுசாமி எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அட, நீங்க நம்ம கம்பெனி ஆளுங்களா! இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே தம்பி. எங்கய்யன் அப்படியேதானுங்க! எங்களையெல்லாம்கூடத் தண்ணி ஊத்தித்தான் எழுப்புவாரு. நாலு சாம்பிளும் கேட்டுப்போட்டு, எல்லாம் நல்லாருக்குது, காமெடி மட்டும் இல்லையேன்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. அத நீங்க குடுத்துட்டீங்க!"

பிறகு அவர் ஆர்டரை அறிவித்தார். வசனம் வீரணனுடையது. பாட்டுக்குக் கைருதீன். லைட்டு அபிராமி சொன்னபடி, ஆனால் இருபது நிமிஷம் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். காமெடிக்கு ஆரோக்கியராஜின் தண்ணீர். பெரியவராக நடிப்பது கிட்டுசாமியே. "கழுத்து ஒருத்தர்து, கை ஒருத்தர்து, பிரிண்ட் ஒருத்தர்து. சேத்துத் தெச்சா நல்ல பீஸு."

"அப்ப எழுதினதுன்னு யார் பேரைப் போடுவீங்க?" என்று கேட்டார் வீரணன். குரலில் ரத்தம் குறைவாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, நூல் ஓட்டுனது யாரு, கை வெச்சது யாருன்னெல்லாம் பனியன்ல போடறமுங்களா? லேபிள் ஒண்ணுதானுங்க."

நாலு படைப்பாளிகளும் இப்போது எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. போண்டா வந்தது. போண்டாவைச் சாப்பிட்டபடி, வசனம் பெரிதா பாட்டு பெரிதா என்று வீரணனும் கைருதீனும் சண்டை போட்டார்கள். ஒரு நிமிஷத்தை ஒன்றரையாக்க முடியுமா என்று அபிராமி மேனேஜரிடம் பேரம் பேசினாள். உழைக்கும் மக்கள் பார்க்கப்போகிறார்கள் என்பதால் வர்க்க நலன் கருதி ஒப்புக்கொள்வதாக வீரணன் சொன்னார். அவர் கையிலிருந்தது இரண்டாவது போண்டா.

ஆரோக்கியராஜ் கிட்டுசாமியிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "எம் பேரு மைக்ல வருமா சார்?"

"வராம? நீங்கதானுங்க தூங்கப் போறீங்க. உங்களாட்டத் தூங்கறதுக்கு வேற யாருக்குங்க வரும்?"

வாசிப்பார்கள், அது போதும் என்று வீட்டுக்குப் போகிற வழியில் அவன் ரோஸ்மேரியிடம் சொன்னான்.

ஆயுத பூசையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்தாயிற்று. சாயங்காலம் லோடு ஏற்றுகிற மேடையில் நாடகம். மேனேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்:

"கதை, வசனம், பாடல், ஒளியமைப்பு, இயக்கம், நடிப்பு: நமது முதலாளி திரு. கிட்டுசாமி அவர்கள். உதவி: நொய்யல் நாடகப் பேரவை. தூங்குபவர்: ஆரோக்கியராஜ்."

செயின் அறுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கூட்டத்தில் பாதிப் பேர் "அவிநாசிபாளையம்!" என்று சேர்ந்து கத்தினார்கள். கிட்டுசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடையை மூன்று சுற்றுச் சுற்றினார். கைருதீன் பாடினார். அபிராமியின் விளக்கு ஒரு நிமிஷம் அணைந்து எரிந்தது. அதைக் கரண்ட் போனதாக நினைத்து ஒருவன் ஜெனரேட்டரைப் போடப் போய்விட்டான்.

பிறகு ஆரோக்கியராஜ் துணி ரோல்மேல் சாய்ந்து கண்ணை மூடினான். அவன் செய்யவேண்டியது இவ்வளவுதான். தண்ணீர் விழுந்ததும் துள்ளி எழுந்து, கும்பிட்டு, "மன்னிச்சிருங்க முதலாளி, இனிமே தூங்க மாட்டேன்" என்று சொல்லவேண்டும். அந்த வரியை எழுதியது ரத்தத்தில் எழுதுகிற வீரணன்.

கிட்டுசாமி வாளியோடு வந்தார். ஊற்றினார். கூட்டம் சிரித்தது.

"ஒன்ஸ் மோர்!" என்று எவனோ கத்தினான். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

கலைஞனால் அதைத் தட்ட முடியாது. கிட்டுசாமி இன்னொரு வாளி கொண்டுவரச் சொன்னார். ஊற்றினார். முதல் தடவையைவிட நன்றாகச் சிரித்தார்கள்.

ஆரோக்கியராஜ் எழவில்லை. முதல் வாளிக்கே எழுந்திருக்க வேண்டும். எழத்தான் நினைத்தான். எழுந்தால் அந்த வரியைச் சொல்லியாக வேண்டும். படுத்திருந்தால் சொல்லவேண்டியதில்லை. அவன் படுத்தே இருந்தான்.

"எந்திரிங்க தம்பி" என்று கிட்டுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "டயலாக்கு."

ஓரத்திலிருந்து வீரணன், "மன்னிச்சிருங்க முதலாளி... மன்னிச்சிருங்க முதலாளி..." என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் குரலில் அது மிகப் பொருத்தமாக இருந்தது.

மூன்றாவது வாளி. இந்தத் தடவை முன்வரிசை மட்டும் சிரித்தது. நாலாவதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே டெய்லர்கள் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு மனுஷன் நனைந்து கிடந்தான். பக்கத்தில் இன்னொரு மனுஷன் காலி வாளியோடு நின்றான். நாடகம் எங்கேயும் போகவில்லை. அந்தக் கம்பெனி இதுவரை பார்த்த மௌனங்களில் அதுதான் நீளமானது. அபிராமி அதைப் பொறாமையோடு பார்த்தாள்.

கிட்டுசாமிக்கு வேர்த்துவிட்டது. ஆனால் வியாபாரி. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அதை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் யாரும் திருப்பூரில் முதலாளி ஆவதில்லை. வாளியைக் கீழே வைத்தார். துணி ரோலிலிருந்து நீளமாக இழுத்தார். குனிந்தார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஆரோக்கியராஜுக்குப் போர்த்தினார். அப்புறம் அவன் மிஷினுக்கு முன்னால் போய், தாடையில் கையை வைத்து உட்கார்ந்துகொண்டார்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அன்றைக்குச் சிரித்த அதே பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். "பெரியவரு உள்ளுக்குள்ள நல்ல மனசுக்காரருதாம்புள்ள" என்றாள் ஒருத்தி. கைருதீன் சமயம் பார்த்துப் பாட்டை எடுத்துவிட்டார்.

போர்வைக்குள் இருந்த ஆரோக்கியராஜுக்கு எல்லாம் கேட்டது. அவன் சொன்ன பொய்யும் போயிற்று, உண்மையும் போயிற்று, சொல்லாமல் கிடந்ததும் போயிற்று. மூன்றையும் சேர்த்துத் தைத்தாயிற்று. துணி காய்ந்த பருத்தித் துணி. கதகதப்பாக இருந்தது. மீதி நாடகம் அவனைச் சுற்றி நடந்து முடிந்தது. அவன் நிஜமாகவே தூங்கிவிட்டான்.

வீட்டுக்குப் போகும்போது ரோஸ்மேரி பொரிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே நடந்தாள். அவன் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"பேரு வாசிச்சாவல்லா?" என்றான்.

"வாசிச்சாவ. தூங்குறவர்னு."

தெரு திரும்பியதும் அவள் கேட்டாள்.

"அந்த டயலாக்க ஏன் சொல்லல?"

"வாய் வரலட்டி."

"நாடகத்துலயே நீங்க அதச் சொல்லாம கெடந்தது ஒண்ணுதான் நல்லாருந்துச்சு" என்றாள். பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள். அவன் ஒரு கை அள்ளினான்.

"பூசை லீவு முடிஞ்சதும் எங்க வீட்டுக்காரவ நைட்டுக்கு வருவாவன்னு சூப்பர்வைசர்ட்டச் சொல்லிட்டேன்" என்றாள். "இனிமே மாத்துச் சட்டை ஒண்ணு கையில எடுத்துட்டுப் போங்க."